எண்ணெய் தடவிய விரல்

மேடம்,

போன வாரம் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுத்தார்கள். அடுத்த மாதம் கண் ஆபரேஷன். அதற்கு முன்னால் இதெல்லாம் பார்ப்பார்களாம். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து என் கையில் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஊசி மறந்துவிட்டது. நம் கம்பெனியில் கண்ணாடி துடைக்க வைத்திருந்த ஐ.பி.ஏ. திரவத்தின் வாசனைக்கு இது தங்கச்சி முறை. துடைத்த இடம் சில்லென்று ஆகி, ஈரம் இருந்ததே தெரியாமல் காய்ந்துபோகும் அந்த அவசரமும் அதேதான்.

"இன்னா தாத்தா சிரிக்கிறீங்க? ஊசின்னா பயமே இல்லியா?" என்றார் நர்ஸ்.

"பழைய கம்பெனி ஞாபகம் வந்துச்சிம்மா."

எதிர்ச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. அழுத்திப் பிடிக்கவும்.' எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்தபடியே அழுத்திப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொன்னேன். அப்போது உங்கள் நினைவு வந்தது. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வருகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. வாங்கிக்கொள்ள நீங்களும் இல்லை.

நீங்கள் என்னை முதலில் பார்த்தபோது நான் ஹவுஸ்கீப்பிங் காண்டிராக்டில் வந்த ஆள். அதற்கு முன் முப்பது வருஷத்துக்கு மேல் சவுக்குத் தோப்பில் வேலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் ஊரிலிருந்து கடற்கரை வரைக்கும் அப்போது சவுக்குதான். வெட்டுவேன், பட்டை சீவுவேன், தோளில் சுமந்து லாரியில் ஏற்றுவேன். தோப்புகளை மனையாக விற்றுவிட்ட பிறகு, செங்கல்பட்டுப் பக்கம் தொழிற்பேட்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வேன் வந்தது. எட்டாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். எட்டாவது என்று சொல்லிவிட்டேன். கையெழுத்து மட்டும் என் மகள் போட்டுக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து, கோலம் போடுவதுபோல் போடப் பழகியிருந்தேன். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

என்ன செய்கிற கம்பெனி என்று முதல் மாதம் எனக்குத் தெரியாது. கண்ணாடி என்றார்கள். ஜன்னல் கண்ணாடி என்று நினைத்தேன். பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். போனிலும் மெஷினிலும் படம் தெரிகிற திரைக்கு மேலே ஒட்டுகிற கண்ணாடி, தொட்டால் தெரிந்துகொள்கிற கண்ணாடி. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. அந்தப் பூச்சை அரித்து மயிரிழைக் கோடுகளாக ஆக்குவது உங்கள் வேலை. எந்தக் கோடு எங்கே ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவீர்கள். விரல் பக்கத்தில் வந்தால் அந்தக் கோடுகளில் இருக்கும் கரண்டில் துளி குறையும். எங்கே குறைந்தது என்று பார்த்து விரல் எங்கே என்று மெஷின் கண்டுபிடித்துவிடும். வரைந்தவருக்கே அந்தக் கோடு தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். தெரிந்தால் அது நல்ல கண்ணாடி இல்லை என்பீர்கள்.

கேட்டில் வருகை பதிகிற மெஷின் ஒன்று இருந்தது. திரையில் பச்சைக் கட்டத்தைத் தொட்டால் கதவு திறக்கும். எல்லாருக்கும் திறக்கும், எனக்குத் திறக்காது. அன்றைக்கு நான் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்கிறேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. கண்ணாடியைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்த லில்லிக்குப் பொறுமை கிடையாது.

"அண்ணாத்த, அது செருப்புத் தோலுன்னு நெனச்சிக்கிச்சி. மூக்க வச்சிப் பாரு, தொறந்தாலும் தொறக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு நிறுத்திவிட்டு முன்னால் வந்து என் கையைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தீர்கள்.

"அண்ணா, இந்த விரலை எனக்குக் கொஞ்ச நாளைக்குக் குடுப்பீங்களா?"

"வெட்டியா குடுக்கணும் மேடம்?"

"கையோட இருக்கட்டும்ண்ணா. தினம் வந்துட்டுப் போனா போதும்."

ஒரு விஷயம் அப்போது சொல்லவில்லை. தோப்பில் வேலை செய்த காலத்தில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் கொஞ்சம் உயரத்திலிருந்துதான் ஊற்றுவார்கள். கையைக் குவித்துப் பிடித்துக் குடிப்போம். என் கையை வெளியார் ஒருவர் பிடித்துத் திருப்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி சரோஜா கேட்டாள்: "கையயா? புடிச்சாங்களா?" பிறகு என் கையைப் பார்த்தாள்.

உங்களுக்கு என் விரல் எதற்கு என்பது மறுநாள் தெரிந்தது. கடலுக்குப் போகும் படகுகளில் வைக்கிற, வழி காட்டும் மெஷினுக்குக் கண்ணாடி செய்ய ஆர்டர் வந்திருந்தது. சோதனைக்கு எல்லாரும் விரல் மாதிரி ஒரு பித்தளைக் கம்பியை வைத்துப் பார்ப்பார்கள். "பித்தளைக்குக் காய்ப்பு இல்லையே அண்ணா," என்றீர்கள். வலை இழுக்கிற கை காய்ந்து தடித்திருக்கும். அந்த விரலில் கரண்டு சரியாக இறங்காது. அதே நேரத்தில் கடல் தண்ணீர் தெறிக்கும். உப்புத் தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் கண்ணாடி அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும்.

"உங்க விரல் அதுக்குத் தெரியணும். கடல் தண்ணி தெரியக் கூடாது. அவ்ளோதாண்ணா என் வேலை."

கடல் தண்ணீர் கொண்டுவரும் வேலையும் எனக்கே வந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு கேனில் பிடித்துக்கொண்டு வேனில் ஏறுவேன். டிரைவர், "இன்னா அண்ணாத்த, கம்பெனில கருவாடு போடப் போறியா?" என்பார்.

உங்கள் சோதனை அறையில் ஒரு திரை இருக்கும். நான் விரலை வைத்தால் அதில் ஒரு பச்சைக் கோடு எழும்பும். நகம் அளவு. தண்ணீர்ச் சொட்டை விட்டால் அதற்கும் ஒரு கோடு எழும்பும். அதுவும் ஏறக்குறைய நகம் அளவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டால், அதற்கு மேலே வருவது விரல், கீழே நிற்பது தண்ணீர். ஆனால் சிவப்புக் கோடு போட நடுவில் இடமே இல்லை. கண்ணாடியை மாற்றினீர்கள், கோடுகளை மாற்றி வரைந்தீர்கள். நாற்பது நாளுக்கு மேல் போனது. தண்ணீர்ச் சொட்டுக்கு மெஷின் தானாக ஓட ஆரம்பித்தால் உங்களுக்குக் கோபம் வரும்.

"சந்தேகமா இருந்தா கண்ணாடி சும்மா இருக்கணும்ண்ணா. தொட்ட மாதிரி நடிக்கக் கூடாது."

கண்ணாடியைத்தான் சொன்னீர்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு எங்கேயோ பட்டது. ஏன் என்றால், அந்த அறையின் கதவில் நீங்கள் தமிழில் டைப் அடித்து ஒரு காகிதம் ஒட்டியிருந்தீர்கள். ஒட்டிய அன்றைக்கே கேட்டீர்கள்: "அண்ணா, படிச்சிட்டீங்களா?"

"ஆச்சி மேடம்," என்றேன்.

பெரிய சோதனைக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தீர்கள். ஆர்டர் கொடுத்தவர்களின் ஆட்களும் வந்து பார்ப்பார்கள் என்றீர்கள். அதை நான் வீட்டில் சொன்னது தப்பு.

"வெளியாளுங்க வராங்கன்ற. அந்தம்மா உன் கையத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்கன்ற. அரம் மாதிரி கீது, இப்படியே நீட்டுவியா?" என்றாள் சரோஜா.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சாயங்காலம் வெந்நீர் வைத்து என் இரண்டு கையையும் அதில் ஊறவிட்டாள். பிறகு தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணித் தேய்த்தாள். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி யாரும் தேய்த்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். விரலை வைத்தேன்.

பச்சைக் கோடு ஒரு ஜாண் எழும்பியது.

முந்தின நாள்தான் நீங்கள் மேல் கண்ணாடியை மெல்லியதாக மாற்றியிருந்தீர்கள். அதன் பலன் என்று நினைத்துவிட்டீர்கள். திரும்ப வைக்கச் சொன்னீர்கள். திரும்பவும் ஒரு ஜாண். தண்ணீர்ச் சொட்டு கீழே நகம் அளவிலேயே நின்றது. நடுவில் எவ்வளவு இடம்! சிவப்புக் கோட்டை மேலே தூக்கி நிறுத்தினீர்கள். வந்தவர்கள் கை தட்டினார்கள். நீங்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். கை மெத்தென்று இருந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. எனக்குச் சரோஜாமேல் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் உங்கள் போட்டோவை வைத்தார்கள். கீழே ஏதோ எழுதியிருந்தது. நல்ல வேலை செய்தவர்களின் போட்டோ வைக்கிற பலகை என்று எனக்குத் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். எண்ணெய் வைப்பதும் வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டது. கண்ணாடிகள் எல்லாம் தயாராகி, பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை லாரி. நான் கடைசி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடியைத் திரையோடு மாட்டி வைத்திருந்தார்கள். சும்மா விரலை வைத்தேன். ஒன்றும் வரவில்லை. அழுத்தினேன். துடைத்துவிட்டு வைத்தேன். இடது கையை வைத்தேன். வரவில்லை. லில்லி கையை நீட்டிச் சுண்டுவிரலால் தொட்டாள். உடனே வெளிச்சம் வந்தது.

"அதுக்கு உன்னப் புடிக்கல அண்ணாத்த," என்றாள்.

நேராகச் சோதனை அறைக் கதவுக்குப் போனேன். காகிதம் அப்படியே இருந்தது. லில்லியைக் கூப்பிட்டேன்.

"இன்னா எழுதிகீதுன்னு படி. கண்ணாடி எடுத்துகினு வரல."

"நீ என்னிக்குக் கண்ணாடி போட்ட?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தாள். சோதனைக்கு விரல் கொடுப்பவர்கள் மூன்று நாளுக்கு முன்பிருந்தே கையில் எண்ணெய், கிரீம், மருந்து எதுவும் தடவக் கூடாது. வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது.

மூன்று நாள், எண்ணெய், வெந்நீர். எங்கள் வீட்டில் ஒருவர் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது. லில்லி வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். எங்களுக்குக் கிழக்கே குப்பத்தில் இருக்கும் படகுக்காரர்களின் கையை நான் பார்த்திருக்கிறேன். என் கைதான் அது. கரை தெரியாத இடத்தில் அவர்கள் விரலை வைப்பார்கள். கண்ணாடி சும்மா இருக்கும். கெட்ட பெயர் உங்களுக்கு வரும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எட்டாவது என்று சொன்ன பொய் வெளியே வரும். அடுத்த நாள் வேனில் எனக்கு இடம் இருக்காது. அதைவிட, தினமும் உங்கள் முகத்தைப் பார்த்துப் 'படித்தேன்' என்று நான் நடித்தது வெளியே வரும்.

நீங்கள் பொத்தேரிக்கு மின்சார ரயில் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டீர்கள்.

"மேடம், அன்னிக்கு வச்ச வெரலு என்னுது இல்ல."

"என்னண்ணா சொல்றீங்க?"

"எண்ண தடவின வெரலு மேடம். மூணு நாளு. என் வூட்டுக்காரி வெந்நீர் வச்சி..."

நீங்கள் காலைக் கீழே வைத்தீர்கள். ஆட்டோக்காரர், "வரீங்களா இல்லியாம்மா?" என்றார். கையைக் காட்டி அனுப்பிவிட்டீர்கள்.

"கதவுல எழுதி ஒட்டியிருந்தேனே அண்ணா."

"எனக்குப் படிக்கத் தெரியாது மேடம்."

அதை அதற்கு முன் நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். பரவாயில்லை என்று சொல்வீர்கள் என்றும் காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை.

"இப்ப எண்ணெய் வச்சு எத்தனை நாளாச்சு?"

"பத்து நாளுக்கு மேல."

"வாங்க," என்று திரும்பி நடந்தீர்கள். சோதனை அறையில் என் விரலை நீங்களே பிடித்து வைத்தீர்கள். பச்சைக் கோடு நகத்தைவிடக் கொஞ்சம் மேலே வந்து, சிவப்புக் கோட்டுக்கு ரொம்பக் கீழே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு போனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னீர்கள்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்கு வெளியே நான் தரை துடைத்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"யார் பண்ண தப்பு?" என்று அவர் கேட்டார்.

"என் சோதனை முறையில தப்பு சார். எழுதி ஒட்டிட்டா சொல்லிட்ட மாதிரின்னு நெனச்சிட்டேன். நேரா கேட்டிருக்கணும்."

"கை குடுத்த ஆளு யாரு?"

"அது தேவையில்லை சார். யாரா இருந்தாலும் நான்தான் பார்த்திருக்கணும்."

அவ்வளவுதான். இரண்டு நாளில் பலகையிலிருந்து உங்கள் போட்டோவை எடுத்துவிட்டார்கள். ஆணி மட்டும் இருந்தது. நீங்கள் அந்தப் பக்கமாகத்தான் தினமும் போனீர்கள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பெட்டிகளைத் திரும்பப் பிரித்தபோது லில்லி கூட்டம் பேசாத பேச்சு இல்லை. கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் ப்ரோகிராமை மாற்றினால் போதும் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். எவ்வளவு கரண்டு குறைகிறது என்று மட்டும் பார்க்காமல், குறைகிற இடத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். விரல் ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும். தண்ணீர் பரவும், ஓடும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அந்தச் சில வாரம் சரோஜா என் கையில் எண்ணெய்ப் பாட்டிலைக்கூடக் கொடுக்கவில்லை. "தலைக்கும் நானே வச்சி வுடறேன், நீ தொடாத," என்றாள்.

கடைசிச் சோதனையை அறையில் வைக்கவில்லை. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் கடற்கரைக்கே கொண்டுவந்தீர்கள். அப்போதுதான் கரை ஏறிய படகு. படகுக்காரர் கையில் மீன் செதில், உப்பு, எல்லாம் இருந்தது.

"இன்னாம்மா இது, டிவியா?"

"படகுல வைக்கிறதுண்ணா. கைய வச்சுப் பாருங்க. கையில எண்ணெய் ஏதாவது தடவியிருக்கீங்களா?"

அவர் சிரித்தார். "கொழம்புக்கே எண்ண இல்லன்னு வூட்ல கத்திகினுகீறா. கைக்கு வேற தடவுவாங்களா?"

விரலை வைத்தார். படம் நகர்ந்தது. பக்கத்தில் அலை தெறித்தது. கண்ணாடிமேல் தண்ணீர் ஓடியது. படம் அசையாமல் நின்றது. திரும்ப விரலை வைத்தார். நகர்ந்தது. "தோ, சொன்னா கேக்குது. என் புள்ளைங்கள விட நல்லா கேக்குது," என்றார். பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நான் வைத்தேன். நகர்ந்தது. நீங்கள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். செருப்பு நனைந்ததுகூடத் தெரியவில்லை உங்களுக்கு.

அதற்குப் பிறகு கம்பெனியில் ஒரு வழக்கம் கொண்டுவந்தீர்கள். எந்தக் காகிதத்தை எங்கே ஒட்டினாலும், ஒட்டியவர் அங்கேயே நின்று ஒரு தடவை எல்லார் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். "எல்லாருக்கும் கண் ஒரே மாதிரி இருக்காது," என்று காரணம் சொன்னீர்கள். யாருக்காக என்று லில்லிக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை. ஒதுக்கிய கண்ணாடிகளில் ஒட்டும் சீட்டிலும் தமிழில்தான் எழுத வேண்டும் என்றீர்கள். படகு ஆர்டர் முழுவதும் போன அன்றைக்கு அந்தக் கண்ணாடிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தீர்கள். பின்பக்கம் சின்னச் சீட்டு, அதில் உங்கள் கையால் எழுதிய ஒரு வரி. "வச்சுக்கோங்கண்ணா," என்றீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன்.

அடுத்த வருஷம் நீங்கள் அடிக்கடி வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். வந்த நாட்களில் மெலிந்திருந்தீர்கள். "கேன் தண்ணி தீந்து போச்சுண்ணா, அடுத்த ஆர்டருக்குக் கொண்டு வாங்க," என்றதுதான் கடைசியாக என்னிடம் பேசியது.

ஒரு நாள் காலை கேட்டுக்குள் வந்தேன். பலகையில், அந்த ஆணியில், உங்கள் போட்டோ திரும்ப மாட்டியிருந்தது. கீழே இரண்டு வரி. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. எடுத்ததைத் திரும்ப மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். நின்று பார்த்துச் சிரித்தேன். லில்லி வந்தாள்.

"பாத்தியா, மேடத்த திரும்ப மாட்டிட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்ல?"

லில்லி பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, எல்லார் காதிலும் விழும்படி படித்தாள். நம் நிறுவனத்தின் மூத்த வடிவமைப்பாளர் நேற்று மாலை காலமானார் என்று ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

வேனில் வந்த எல்லாரும் நின்று கேட்டார்கள். பிறகு வேலைக்குப் போனோம். நானும் போனேன். மேஜைகளைத் துடைத்தேன்.

ஒரு சாவுச் செய்தியைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த மாதமே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் பெயர் கொடுத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னபோது, "போடத் தெரியும், படிக்கத் தெரியாது," என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மேடம், படிப்பது இவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஸ்ஸைப் பார்க்கிறேன், கோவளம் என்கிறது. பிஸ்கட் பாக்கெட்டைப் பார்க்கிறேன், ஈரம் படாமல் வைக்கச் சொல்கிறது. பஸ் ஸ்டாப்பில் பல வருஷமாக நான் சாய்ந்து உட்கார்ந்த சுவரில் 'இங்கே உட்காரக் கூடாது' என்று எழுதியிருக்கிறது. முழுவதும் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். பழகிய இடம்.

உங்கள் சீட்டை மட்டும் அவசரப்பட்டு எடுக்கவில்லை. டீச்சர் படித்துச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அதில் என் பெயர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நன்றி என்று இருக்கும், அல்லது படியுங்கள் என்று இருக்கும். நீங்கள் நேரில் சொல்லாத ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்தே மூன்று வருஷம் அதற்கு ஊதுவத்தி காட்டியிருக்கிறேன். எல்லா எழுத்தும் கைக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு எடுத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

'இடது ஓரம் கீறல். ரிஜெக்ட்.'

கீழே உங்கள் கையெழுத்து. அது மட்டும் படிக்க வரவில்லை. படித்தவர்கள் கையெழுத்தெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்கிறார் டீச்சர்.

நான் சிரித்த சத்தத்தில் சரோஜா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இன்னாய்யா எழுதிகீறாங்க?"

"இது கீறல் வுழுந்த சாமான், ஆவாதுன்னு எழுதிகீறாங்க."

"அத்தயா மூணு வருசமா சாமி படத்தாண்ட வச்சிருந்தே?"

அவளும் உட்கார்ந்து சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தோம். இப்போதெல்லாம் அவள் சாயங்காலத்தில் என் கைக்கு எண்ணெய் தடவுகிறாள். வலது சுட்டுவிரலை மட்டும் விட்டுவிடுவாள். நான் சொல்லவில்லை. அவளாகவே விட்டுவிடுகிறாள்.

அவள் உள்ளே போன பிறகு கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். இத்தனை நாள் இதைத் துடைத்திருக்கிறேன், எந்தக் கீறலையும் பார்த்ததில்லை. இடது ஓரத்தில் விரலை ஓட்டினேன், தட்டவில்லை. நகத்தை வைத்து மெதுவாக மேலிருந்து கீழே இழுத்தேன். பாதியில் நகம் ஓர் இடத்தில் நின்றது. மயிரிழை அளவுக்கு, அரை விரல் நீளம்.

நீங்கள் எழுதியது சரிதான் மேடம். அங்கேதான் இருக்கிறது.